உடன் குடிபுகலாம்

சுபாங்கன் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கியபோது மூன்று இணையத்தளங்கள் கிடைத்தன. எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆகவே ஒன்றையும் நம்பாமல் ஒரு அட்டவணை போட்டான்.

இடப்பக்கம் விளம்பரத்தில் உள்ளது. வலப்பக்கம் நேரில் உள்ளது. அறை எத்தனை, காணி எத்தனை பரப்பு, கிணறு யாருடையது, பாதையில் என்ன வாகனம் போகும், படத்தில் இருப்பது அதே வீடுதானா. பிழைக்கு ஒன்று, சரிக்குப் பூச்சியம். தளங்களின் பெயர்கள் வாயில் நுழையாதவையாக இருந்ததால் அவற்றின் நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டான். பச்சை, சிவப்பு, நீலம்.

அவனுக்கு இது பழகிய வேலை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவன். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தான். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டதாகச் சொல்லிப் படிவங்கள் வரும். அவற்றில் எது மரநிழலில் இருந்து நிரப்பப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

மனைவி தக்சாயினி போன கார்த்திகையில் டெங்குவில் இறந்தாள். முப்பது வயது. பிள்ளை இல்லை. மானிப்பாயில் அவர்கள் இருந்த வீடு அவளுடைய சீதனம். பிள்ளை இல்லாமல் பெண் இறந்தால் சீதன வீடு பிறந்த பக்கத்துக்குத் திரும்பிப் போகும். வழமையும் அதுதான், சட்டத்தரணி சொன்னதும் அதுதான். சுபாங்கன் அதை எதிர்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று, கனடாவிலிருந்து வந்திருந்த தக்சாயினியின் அண்ணன் சுதாகரனிடம் ஒன்று மட்டும் கேட்டான். ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசம் வரை இருக்க வேண்டும். அவள் சமைத்த அடுப்பில் சமைத்து, அவளுக்குப் படைத்துவிட்டு வெளியே போகவேண்டும்.

"அதுக்கென்ன மச்சான்" என்று சுதாகரன் தோளில் கைபோட்டான். பந்தலில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஆவணி. இன்னும் மூன்று மாதம். அதற்குள் ஒரு வீடு பார்த்து வைக்கலாம் என்றுதான் மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

பண்டத்தரிப்பில் ஒரு வீடு. பச்சைத் தளத்தில் 'இரண்டு அறை, நல்ல காற்றோட்டம்' என்று இருந்தது. இரண்டாவது அறையில் மூன்று ஆடுகள் நின்றன. காற்றோட்டம் உண்மை. யன்னலுக்குக் கதவு இல்லை.

"உதுகளை இண்டைக்கே அவிட்டு அங்காலை கட்டலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"விளம்பரத்திலை அறை எண்டு கிடக்கு."

"ஏன், ஆடு நிண்டா அறை இல்லையோ?"

சுபாங்கன் ஒன்று போட்டான்.

புத்தூரில் சிவப்புத் தளம் காட்டிய வீட்டுக்குப் போய்ப் படலையில் தட்டினான். சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒரு மனிதர் வந்தார். அவர் கையில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடி இருந்தது.

"வீடு பாக்கவோ?"

"ஓம்."

"நான் இதிலை வாடகைக்கு வந்து ரெண்டு வருசம். நீர் பதினேழாவது ஆள். நான் இருக்கிற வீட்டை எனக்கே காட்டச் சொல்லி வந்து நிக்கிறியள். விசர் சனங்கள்."

"பதினேழு எண்டு எண்ணினீங்களோ?"

"எண்ணாமல்? மனுசி சுவரிலை கோடு போட்டு வைச்சிருக்கிறா. வந்து பாரும், வேணுமெண்டா."

சுபாங்கன் பதினேழு என்று குறித்துக்கொண்டான். அந்த மாதத்தில் அவனுக்குக் கிடைத்த முதலாவது நம்பத்தகுந்த எண் அது.

நீலத் தளம் மற்ற இரண்டிலிருந்தும் களவெடுப்பது. ஆனால் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வீட்டைச் சரியாகப் போட்டிருந்தது. அறையும் சரி, கிணறும் சரி, படமும் சரி. வீட்டுக்காரி உதயகலா வாசலிலேயே நின்று கதைத்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"எத்தினை பேர்?"

"நான் மட்டும்தான்."

"மனுசி?"

"இல்லை."

"வெளிநாட்டிலையோ?"

"செத்துப்போனா."

"அப்ப தனி ஆம்பிளைதானே" என்றாள். "நாங்கள் குடும்பத்துக்குத்தான் குடுக்கிறது."

"விளம்பரத்திலை அப்பிடிப் போடேல்லை."

"உதைப் போய் விளம்பரத்திலை போடுறதோ? பாத்தாத் தெரியாதே."

அவன் அட்டவணையில் ஒரு நிரல் கூட்டினான். 'தனி ஆள்' என்று தலைப்பிட்டான். அந்த நிரலின் கீழ் மூன்று தளங்களும் ஒன்றுபோல் பிழைவிட்டன.

இப்படியே இருபத்தாறு வீடுகள். பச்சைக்குப் பத்தில் நாலு சரி, சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு ஒன்றும் பாதியும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பச்சையில் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தின் அடியில் 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று ஒரு படம் வந்தது. மஞ்சள் பூசிய குசினிச் சுவர், கீழே அடுப்பு. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் பெட்டகத்தைத் திறக்கிற ஒரு திறப்பு.

அந்த ஆணியை அடித்தது அவன்தான். திறப்பு இப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கியது.

அழுத்தினான்.

'மானிப்பாயில் விற்பனைக்கு. 3 பரப்புக் காணி, 4 அறை வீடு. புதிய கூரை. தனிக்கிணறு, நல்ல தண்ணீர். கார் போகும் பாதை. பேருந்துத் தரிப்பு 2 நிமிடம். ஆளில்லாத வீடு. உடன் குடிபுகலாம்.'

சுபாங்கன் கதிரையை விட்டு எழவில்லை. மற்ற இரண்டு தளங்களையும் திறந்து மானிப்பாய், விற்பனை என்று போட்டான். சிவப்பிலும் அதே வீடு. அங்கே 'உரிமையாளர் வசிக்கிறார்' என்றிருந்தது. நீலத்திலும் இருந்தது. அங்கே 'வாடகைக்கு ஆள் இருக்கிறார், அவரை எழுப்பி வீடு தரப்படும்' என்றிருந்தது.

அட்டவணையில் இருபத்தேழாவது வரியைத் திறந்தான். காணி இரண்டு பரப்பு நாலு குழி. அறை மூன்று. கூரை, கலியாணத்துக்கு முன்பே போட்ட ஓடு. பாதையில் கார் வராது. லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரம் வரும், அதுவும் சாரதி கெட்டிக்காரனாக இருந்தால். தரிப்பிடத்துக்கு நடந்தால் பதினொரு நிமிடம். கிணறு அரைப்பங்கு. ஆறு பிழை. யார் இருக்கிறார் என்ற பெட்டி மட்டும் மிஞ்சியது. விளம்பரம் சொல்வது பிழை, அது தெளிவு. ஆனால் வலப்பக்கம் என்ன எழுதுவது? உரிமையாளன் இல்லை. வாடகைக்காரனும் இல்லை. அதை வெறுமையாக விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். கனடாவில் அப்போது காலை.

"மச்சான், வீட்டைப் போட்டிருக்கிறீங்கள்."

"ஓம்... சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்" என்றான் சுதாகரன். கார் ஓடும் சத்தம் கேட்டது. "இப்ப விலை நல்லாப் போகுது. பிந்தினா விழுந்திடும் எண்டு சொல்லுகினம்."

"ஆட்டைத் திவசம் மட்டுக்கும் இருக்கச் சொன்னனீங்கள்."

"அது அப்ப சொன்னது. திவசத்தைக் கோயில் மடத்திலை செய்யலாம்தானே. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். ஐயருக்கும் சுகம்."

"பத்துப் பேர் கேக்கச் சொன்னனீங்கள்."

"சுபாங்கன், சட்டப்படி பாத்தா நீர் அந்தியேட்டியோடையே எழும்பியிருக்கோணும். நாங்கள் எட்டு மாதம் வாய் துறக்கேல்லை. அதை யோசியும்."

"விளம்பரத்திலை பிழை இருக்கு."

"என்ன?"

"ஆறு பிழை. கிணறு தனிக்கிணறில்லை, அரைவாசி மாமியின்ரை."

"அரைக்கிணறு எண்டு போட்டா ஆர் வருவினம்? அம்மாவுக்குக் குழாய்த் தண்ணி எடுத்துக் குடுக்கலாம்."

"மாமிக்குத் தெரியுமோ?"

கார்ச் சத்தம் நின்றது. "அம்மாவோடை நீர் உதுகளைக் கதைக்கத் தேவையில்லை. நான் சொல்லுவன், சொல்லுற நேரத்திலை. உமக்கு ஒரு வேலையும் இல்லையே, ஆறு பிழை ஏழு பிழை எண்டு எண்ணிக்கொண்டு?"

இணைப்பு அறுந்தது. சுபாங்கன் மூன்று தளங்களிலும் 'பிழையை அறிவிக்க' என்ற இடத்தை அழுத்தி ஆறையும் எழுதினான். பச்சையிலிருந்து நன்றி என்று ஒரு கடிதம் உடனே வந்தது. அதில் அவனுடைய பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

கிணறு இரண்டு காணிக்கும் நடுவில் இருந்தது. வேலி இந்தப் பக்கம் கிணற்றுக்கட்டோடு நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். இவன் பக்கம் ஒரு கப்பி, மாமியார் சிவகௌரி பக்கம் ஒரு கப்பி. மகளுக்குச் சீதனம் எழுதியபோது நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தில் 'கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என்று எழுதினார். மற்ற அரைப்பங்கு சிவகௌரியுடையது. தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவள். கணவன் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அள்ளுவாள். பிந்தியதே இல்லை.

செத்தவீட்டுக்குப் பிறகு அவள் மருமகனோடு கதைத்த சொற்களை எண்ணிவிடலாம். அடுத்த நாள் விடிய அவன் தன் பக்கக் கிணற்றுக்கட்டில் போய் நின்றான்.

"மாமி, சுதாகரன் வீட்டைப் போட்டிருக்கிறார்."

வாளி கீழே போனது. "வீடு எங்கடை. விப்பம், விடுவம்."

"அதில்லை. கிணறு..."

"உமக்கு என்னோடை என்ன கதை?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாள் வைச்சிருந்தெல்லோ பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனீர். அப்ப வராத கதை இப்ப வருகுதோ? வீட்டுக்கு மட்டும் வாய் இருக்கு."

அவன் உள்ளே போனான்.

இரண்டு நாள் அல்ல. செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது. வியாழன் காலை எட்டு மணிக்கு வாட்டில் சேர்த்தான். முப்பத்தேழு மணித்தியாலம். ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது. எவ்வளவு அற்பமான பிழையையும் திருத்துகிறவன் இதை மட்டும் எட்டு மாதமாகத் திருத்தவில்லை. முப்பத்தேழு என்று சொன்னால் அது இரண்டு நாளைவிட நல்லதாகக் கேட்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஒரு அழைப்பு வந்தது. தரகர் தம்பிஐயா. சிவப்புத் தளத்தில் வீட்டைப் போட்டது அவர்தான்.

"ஆரோ என்ரை விளம்பரத்துக்கு முறைப்பாடு எழுதியிருக்காம். நம்பர் தந்தவங்கள். நீர் ஆர் தம்பி?"

"அந்த வீட்டிலை இருக்கிறவன்."

"அதிலை ஆளில்லை எண்டெல்லோ எனக்குச் சொன்னவை."

"அப்ப ஏன் உரிமையாளர் வசிக்கிறார் எண்டு போட்டனீங்கள்?"

"ஆளில்லாத வீடெண்டா பேய் இருக்கெண்டு சனம் வராது." தம்பிஐயாவுக்கு வெட்கம் என்று ஒன்று இல்லை. "சரி, கோவிக்காதையும். ஞாயிற்றுக்கிழமை பண்டத்தரிப்பிலையிருந்து ஒரு அம்மா வாறா. மகளுக்குச் சீதனம் குடுக்க வீடு தேடுறா. காசு ரெடி. நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். கதவைத் துறந்துவிட்டிட்டு வாயை மூடிக்கொண்டிரும். கனடாத் தம்பியும் அதைத்தான் சொல்லச் சொன்னவர்."

சுபாங்கன் சற்று யோசித்தான். வீடு பார்க்க வருகிற யாழ்ப்பாணத்தார் முதலில் எங்கே போவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு எந்தத் தளத்திலும் நிரல் கிடையாது.

"பின்னேரம் அஞ்சரைக்குக் கூட்டிவாங்கோ" என்றான்.

"வெயிலுக்கு முன்னம் காலமை பத்துக்கு வந்தா என்ன?"

"பத்துக்கு நான் இல்லை. அஞ்சரை எண்டா கதவு துறந்திருக்கும்."

ஞாயிறு ஐந்து இருபத்தெட்டுக்குத் தம்பிஐயாவின் ஸ்கூட்டரும் பின்னால் ஒரு ஓட்டோவும் வந்தன. ஓட்டோ குறுகிய ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் முகப்பிலேயே நின்றது. அதிலிருந்து இறங்கியவள் கமலாவதி. அறுபது வயதிருக்கும். குடையும் கைப்பையும், பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூன்று தாள்களும். ஒழுங்கையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கார் போற பாதை எண்டீர்?"

"சின்னக் கார் அக்கா" என்றார் தம்பிஐயா.

"எவ்வளவு சின்னன்? சாவி குடுத்து விடுற காரோ?"

அவள் சுபாங்கனைப் பார்த்துத் தலையை அசைக்கவுமில்லை. தாள்களைப் பிரித்தாள். மூன்று தளங்களிலும் எடுத்த மூன்று விளம்பரங்கள். வேறுபடுகிற இடமெல்லாம் சிவப்புப் பேனையால் கோடு.

"என்ரை மகள் லவீனா வங்கியிலை வேலை. தையிலை கலியாணம். அவள்தான் கோடு போட்டுத் தந்தவள். ஒரு வீடு, மூண்டு கதை. ஒண்டு நாலு அறை, ஒண்டு மூண்டு அறை. நீங்கள் கட்டிக் கட்டி இடிக்கிறனீங்களோ?"

சுபாங்கன் தாளை எட்டிப் பார்த்தான். ஐந்து கோடு. கூரையும் கிணறும் மூன்றிலும் ஒன்றுபோல் இருந்ததால் அவற்றில் கோடு இல்லை. நேரில் வராமல் அந்தப் பிழைகளைப் பிடிக்க முடியாது.

"வீட்டை ஒருக்கா உள்ளுக்கை..." என்று தம்பிஐயா கையை நீட்டினார்.

"உள்ளுக்கை என்ன, சுவர்தானே இருக்கும். முதல் தண்ணியைக் காட்டும்."

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தரகர் பின்னால் ஓடினார். சுபாங்கன் குசினி வாசலில் நின்றான். வேலிக்கு அப்பால் கப்பி கிறீச்சிட்டது. ஐந்து முப்பத்திரண்டு.

தம்பிஐயா இந்தப் பக்கக் கப்பியில் ஒரு வாளி அள்ளினார். கமலாவதி உள்ளங்கையில் ஏந்தி, முகர்ந்து, வாயில் வைத்துச் சுழற்றி, வாழையடியில் துப்பினாள். பிறகு இன்னொரு கை ஏந்தி விழுங்கினாள்.

"தண்ணி பிழையில்லை" என்றாள். அன்று அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "கிணறு தனியோ? பங்கு கிங்கு ஒண்டும் இல்லையே?"

"சுத்தமான தனிக்கிணறு. முழு உரித்து. எழுதிக் கிடக்குதே" என்றார் தம்பிஐயா.

அப்பால் கப்பி நின்றது.

"ஆரது?"

வேலி முடியும் இடத்தில் சிவகௌரி தெரிந்தாள். கையில் கயிறு. அரைவாசி ஏறிய வாளி கிணற்றுக்குள் தொங்கியது.

"வீடு பாக்க வந்த ஆக்கள் அக்கா" என்றார் தம்பிஐயா. "நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

"என்ரை அலுவலைத்தான் பாக்கிறன். ஆற்றை கிணறு தனிக்கிணறு?"

"எழுதிக் கிடக்கு எண்டு உவர் சொல்லுறார்" என்று கமலாவதி தாளை நீட்டினாள். "நீங்கள் ஆர்?"

"நீங்கள் இப்ப துப்பின தண்ணியிலை பாதிக்குச் சொந்தக்காரி."

சிவகௌரி கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டுத் தாளை வாங்கினாள். கையை எட்டப் பிடித்து வாசித்தாள். விலாசம் தேடுகிறவள் போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். அடுத்த தாளையும் கேட்டு வாங்கினாள். மூன்றாவதையும்.

"ஆர் எழுதினது?"

"தம்பிதான்... கனடாவிலை இருந்து..."

"கனடாவிலை இருந்து என்ரை கிணத்தை வித்துப்போட்டானோ?" குரல் உயரவில்லை. "இந்தக் கிணத்துக்குக் கல்லுச் சுமந்தது என்ரை மனுசன். அவன் அப்ப காற்சட்டை போடத் தெரியாமல் திரிஞ்சவன்."

"அக்கா, குழாய்த் தண்ணி எடுத்துத் தருவினமாம்..."

"உம்மடை வாயிலை விடும், குழாய்த் தண்ணியை."

கமலாவதி தம்பிஐயாவிடம் திரும்பினாள். "அரைக்கிணத்துக்கு என்னட்டை முழுக்காசு வாங்கப் பாத்தனீரோ? என்னைப் பாக்க உமக்குக் காசை எண்ணாமல் குடுக்கிற சுவிஸ் சனம் மாதிரிக் கிடக்கோ?" பிறகு அவள் கண் குசினி வாசலுக்குப் போனது. "அது கிடக்கட்டும். உதிலை நிக்கிறவர் ஆர்? ஒண்டிலை ஆளில்லாத வீடு எண்டு கிடக்கு. மற்றதிலை சொந்தக்காரர் எண்டு கிடக்கு. மூண்டாவதிலை வாடகைக்கு ஆள், எழுப்பித் தருவினமாம். உந்தாள் இருக்கோ இல்லையோ? எழும்புமோ எழும்பாதோ?"

தம்பிஐயா சுபாங்கனைப் பார்த்தார். அவனுடைய அட்டவணையிலும் அந்தப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. சிவகௌரி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"என்ரை மகளின்ரை மனுசன்" என்றாள்.

"மகள் எங்கை?"

"இல்லை. கார்த்திகையிலை ஆட்டை."

கமலாவதி தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்தாள். தரகரைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"பிள்ளை செத்து ஆட்டை முடியாத வீடோ? உதையோ என்ரை பிள்ளைக்குச் சீதனமாக் குடுக்கச் சொல்லிக் கூட்டிவந்தனீர்? தையிலை தாலி கட்டப்போறவளுக்கு? உமக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"அக்கா, எனக்குத் தெரியாது, சத்தியமா ஒருத்தரும் சொல்லேல்லை..."

"பேருந்துக்கு ரெண்டு நிமிசம் எண்டு தெரியுது, இது தெரியேல்லையோ?" அவள் நடக்கத் தொடங்கினாள். வீட்டு மூலையில் நின்று திரும்பிச் சிவகௌரியிடம் சொன்னாள்: "அம்மா, நான் தெரியாமல் வந்திட்டன். மனசிலை வைச்சிராதையுங்கோ."

ஓட்டோ பின்பக்கமாகவே போனது. ஸ்கூட்டர் அதற்கும் முன்னே போய்விட்டது.

சிவகௌரி தன் பக்கக் கட்டுக்குத் திரும்பிக் கயிற்றை அவிழ்த்து வாளியை மேலே இழுத்தாள். சுபாங்கன் இந்தப் பக்கக் கட்டுக்கு வந்தான். நடுவில் கிணற்றின் வாய்.

"வேணுமெண்டுதான் அஞ்சரைக்கு வரச்சொன்னனீர்."

"ஓம்."

"என்னை வைச்சு வேலை பாத்திட்டீர்."

"நீங்கள் என்னோடை கதைக்கேல்லை."

"இப்பவும் உம்மோடை கதைக்கேல்லை. நான் சொன்னது உமக்காக எண்டு நினையாதையும். கிணத்துக்காகச் சொன்னனான்."

"தெரியும்."

"ஆட்டை மட்டுக்கும் இரும். அதுக்கு முன்னம் ஒருத்தரும் வரமாட்டினம், அவனுக்கு நான் சொல்லுறன். ஆட்டை முடிஞ்ச மற்றநாள் வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்து தந்திட்டுப் போம். அதுக்குப் பிறகு உம்மடை முகத்திலை முழிக்க எனக்கு விருப்பமில்லை." வாளியைக் குடத்துக்குள் சரித்தாள். பாதி வெளியே போனது. "ரெண்டு நாள்."

"முப்பத்தேழு மணித்தியாலம்" என்றான் சுபாங்கன்.

அது வாயை விட்டு வந்துவிட்டது. தண்ணீர் சரிவது நின்றது.

"எண்ணி வைச்சிருக்கிறீரோ?"

அவன் ஓமென்று தலையை ஆட்டினான்.

"நான் மட்டும் எண்ணேல்லை எண்டு நினைச்சீரோ?" அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அதிலை முதல் இரவு என்ரை கொத்தமல்லித் தண்ணி. ஆஸ்பத்திரி வேண்டாம், இது மழைக்காய்ச்சல் எண்டு சொன்னதும் நான்தான். அதையும் உம்மடை பட்டியலிலை எழுதும். எழுதி வைச்சுக்கொண்டு பாரும்."

போய்விட்டாள். சிறிது நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் அவள் சத்தம் கேட்டது. "நீ ஆரடா என்ரை கிணத்தை விக்க? ... என்ன சட்டம்? ... பந்தலுக்கை நிண்டு சொன்னது நீயோ வேறை ஆருமோ?"

அடுத்த நாள் பச்சையிலிருந்து விளம்பரம் போனது. மத்தியானம் சிவப்பிலிருந்தும் போனது. நீலத்தில் மட்டும் இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லாத விளம்பரம், எடுப்பதற்கும் ஆளில்லை. சுபாங்கன் அங்கே 'பிழையை அறிவிக்க' என்பதை மறுபடியும் அழுத்தினான். 'தற்போது வசிப்பவர்' என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் இருந்தன. ஆளில்லை, உரிமையாளர், வாடகையாளர். ஒன்றை எடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவன் அந்தத் தளத்தை மூடினான்.

தன் அட்டவணையைத் திறந்தான். இருபத்தேழாவது வரி. வலப்பக்கப் பெட்டியில் எழுதினான்: மகளின் கணவர். கார்த்திகை வரை.

அதற்குக் கீழே ஒரு புதிய வரி போட்டான். செவ்வாய் இரவு, கொத்தமல்லித் தண்ணீர், மாமி. இறுதி நிரலுக்கு வந்ததும் ஒன்று போடுவதா பூச்சியம் போடுவதா என்று பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். போடவில்லை.

மாலை ஐந்தரைக்குக் கப்பி கிறீச்சிட்டது. அவன் வாளியோடு போய், அவள் அள்ளி முடியட்டும் என்று தள்ளி நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வாளியைத் தூக்கும்போதுதான் கதைத்தாள்.

"வீட்டுத் திறப்பு ரெண்டெல்லோ இருந்தது?"

"ஓம்."

"அவளின்ரையும் வேணும்."

"ஓம்" என்றான்.